பலாமரத்துப் பெரட்டு

சரோன் கடித்த கடியில் விஜயகலாவின் கையில் இரத்தம் வந்துவிட்டது. மேசைக்கு அடியில் சுவரோடு ஒட்டிக் கிடந்த பிள்ளையை, "வாம்மா, எல்லாரும் மரத்தடிக்குப் போயிட்டாங்க" என்று கொஞ்சிக் கையை நீட்டியதுதான் தாமதம், பெருவிரலுக்குக் கீழே சதையோடு சேர்த்துக் கவ்விவிட்டது. விட்ட பிறகு கவுனை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு பழையபடி சுருண்டது. அழவில்லை. அதுதான் விஜயகலாவுக்கு என்னவோ போலிருந்தது. கடித்த பிள்ளை பயந்து அழும், இல்லாவிட்டால் வீம்பாக முறைக்கும். இந்தப் பிள்ளை மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு கிடந்தது.

வெளியே பலாமரத்தடியில் பொடியன் தனுஷன் டீச்சரின் குடையைக் கங்காணி கம்பு மாதிரி ஊன்றிக்கொண்டு நின்றான். "டீச்சர், சரோன் பெரட்டுக்கு வரல்லீங்க. பேர வெட்டிரவா?" என்று கத்தினான்.

"வெட்டாதீங்க கங்காணியாரே, அரைநாள் பேராச்சும் போடுங்க" என்று விஜயகலா உள்ளேயிருந்தே பதில் சொன்னாள். கையைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு, பிள்ளைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எஹலியகொடயிலிருந்து மேலே ஏறும் அந்த ரப்பர்த் தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவுக்கு அவள்தான் டீச்சர். தாய்மார் பால்வெட்டப் போகும்போது விட்டுப்போகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும், பாட்டும் எழுத்தும் சொல்லிக்கொடுப்பதும் அவள் வேலை. கஞ்சி காய்ச்சிக் கொடுக்க மூக்காயி ஆயா இருந்தாள். போன வருஷம் பக்கத்துத் தோட்டத்தில் கரண்ட் வயரில் தீப்பிடித்து, வரிசை வீடுகள் கொண்ட ஒரு லயமே எரிந்த பிறகு, முன்பள்ளி டீச்சர்மாரையெல்லாம் டவுனுக்குக் கூப்பிட்டு ஒரு நாள் வகுப்பு வைத்தார்கள். பிள்ளைகளைப் பயமுறுத்தாமல் நெருப்பைப் பற்றிச் சொல்லிக்கொடுங்கள் என்றார்கள். சொல்லிவிட்டு, வெந்த வீடும் கதறும் பிள்ளையுமாக ஆளுக்கொரு கட்டுப் படமும் கொடுத்தார்கள். விஜயகலா அந்தக் கட்டை அலுமாரி மேலே போட்டாள். இந்த லயத்துப் பிள்ளைகளுக்குப் பயத்தைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, அது அவரவர் வீட்டிலேயே வேளாவேளைக்குக் கிடைக்கிறது என்பது அவள் எண்ணம்.

அதனால் பெரட்டு விளையாட்டு. விடியற்காலையில் மலைக்குப் போகுமுன் ஆட்கள் கூடி நிற்பதும், கங்காணி பேர் கூப்பிடுவதும், "இருக்கேங்க" என்று பதில் சொல்வதும் தாய் வயிற்றில் இருந்தபோதே இந்தப் பிள்ளைகள் கேட்ட சத்தம். பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால் பலாமரத்தடியில் ஆளுக்கொரு கல்லை வைத்து, ஆளுக்கொரு நிறம் பூசினாள். டீச்சர் "பெரட்டு" என்றால் கையில் உள்ளதைப் போட்டுவிட்டு மரத்தடிக்கு வரவேண்டும். புகை மேலே போகும், நாங்கள் பூனை மாதிரிக் கீழே போவோம். சட்டையில் நெருப்புப் பட்டால் பலாக்கொட்டை மாதிரிப் படுத்து உருளுவோம். தீப்பெட்டியைக் கண்டால் தொடாமல் பெரிய ஆளிடம் சொல்லுவோம். பொம்மையை விட்டுவிட்டு வந்தாலும் எடுக்கத் திரும்பிப் போகமாட்டோம். கடைசியில் பேர் கூப்பிட்டு முடியும்வரை அவரவர் கல்லை விட்டு இறங்கக் கூடாது. வராத பிள்ளையின் பேரைக் கூப்பிட்டால், மற்றவர்கள் சேர்ந்து "வரல்லீங்க" என்று சொல்லவேண்டும்.

சில தாய்மாருக்கு இது பிடிக்கவில்லை. "காலங்காத்தால நெருப்பு நெருப்புன்னு எதுக்கு டீச்சர்" என்று முணுமுணுத்தார்கள். "நெருப்புன்னா வாய் வெந்துருமா?" என்று விஜயகலா அவர்கள் வாயை அடைத்தாள். பிள்ளைகளுக்கோ உயிர். எல்லோரும் ஓடினார்கள், உருண்டார்கள், கங்காணி ஆவதற்குச் சண்டை பிடித்தார்கள். நீலக்கல் மட்டும் காலியாகவே கிடந்தது. அது சரோனுடைய கல்.

பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு மத்தியானம் சரோனைக் கூட்டிப்போக வந்த அவள் தாய் ரோஷானி, டீச்சரின் கைக்கட்டைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். சுகந்தானா என்று கூடக் கேட்கவில்லை.

"கட்டிலுக்கு அடியில கைய விட்டீங்களா?" என்றாள்.

"மேசைக்கு அடியில."

"எல்லாம் ஒண்ணுதான் அவளுக்கு." ரோஷானி குரலைத் தாழ்த்தினாள். "அவர் குடிச்சிட்டு வந்தா கட்டிலுக்கு அடியில பூந்துக்கணும், சத்தம் காட்டக் கூடாது, அம்மா கை வந்தா மட்டுந்தான் வெளிய வரணும்னு சொல்லிக் குடுத்திருக்கேன். வேற யார் கை வந்தாலும் கடிக்கச் சொன்னேன். மன்னிச்சிருங்க டீச்சர்."

அதற்கும் காரணம் இருந்தது. போன நத்தார்ப் பண்டிகைக்கு முந்தின வாரம், ரோஷானியின் புருஷன் ஸ்ரான்லி கட்டிலுக்கு அடியிலிருந்து பிள்ளையைக் காலைப் பிடித்து இழுத்துச் சுவரில் வீசினான். தோள் எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு, வழுக்கி விழுந்தாள் என்று சொன்னார்கள். வழுக்கி விழுகிற பிள்ளைகளும் வழுக்கி விழுகிற பெண்டாட்டிகளும் இந்த லயங்களில் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தால், நாட்டில் தரையே இல்லையோ என்று சந்தேகம் வரும்.

ஸ்ரான்லி பால்வெட்டை விட்டுவிட்டு மாணிக்கக் குழிகளில் கூலிக்கு இறங்குகிறவன். கல் கிடைத்தால் குடிப்பான், கிடைக்காவிட்டால் அந்த ஆத்திரத்தில் குடிப்பான். மறுநாள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, இனித் தொடமாட்டேன், மாதா மேல் ஆணை என்பான். குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்பார்கள். இவன் பேச்சு விடியும்வரை கூடத் தாங்காது. அடிக்கிற கைதான் அணைக்கும் என்று லயத்துக் கிழவிகள் ரோஷானிக்குச் சமாதானம் சொல்வார்கள். அணைக்கிற கைக்கு எதற்கு விறகுக்கட்டை என்று ஒருத்தியும் கேட்டதில்லை.

விஜயகலா அன்றே அவளோடு லயத்துக்குப் போனாள். ஒரு அறை, பின்னால் அடுப்பு வைத்த குசினி. கட்டில் சுவரோரமாகக் கிடந்தது. குனிந்து பார்த்தாள். சாக்கு நிறைய ஒட்டுப்பால். மரத்துக் காயத்திலும் சிரட்டையிலும் காய்ந்து ஒட்டிக்கொள்ளும் ரப்பர்ப் பாலைச் சுரண்டி எடுத்து வந்து அடுப்பு மூட்டுவது எல்லா வீட்டிலும் வழக்கம். அடைமழையில் ஈர விறகுக்கு வேறு எதுவும் பற்றாது. ஒட்டுப்பால் ஒரு துண்டு போதும், கரும்புகையோடு திகுதிகுவென்று எரியும். தோட்டத்துப் பொருள், ஐயாமார் கண்ணில் படக் கூடாது என்று எல்லோரும் கட்டிலுக்கு அடியில்தான் தள்ளி வைப்பார்கள். அந்தச் சாக்குக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பிள்ளை சுருண்டு படுக்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தது. ஒரு பழைய துணி மடித்துப் போட்டிருந்தது. தலையணை மாதிரி.

"இந்தச் சாக்க எடுத்து வெளிய போடு ரோஷானி."

"எங்க போடுறது? மழையிலயா? அதுவுமில்லாம சாக்கு இருந்தாத்தான் பிள்ள மறைஞ்சிருக்கும்."

"நெருப்பு வந்தா எந்தப் பிள்ளையும் மொதல்ல ஒளியத்தான் பாக்கும். அதனாலதான் நெருப்பு அள்ளிக்கிட்டுப் போகுது. நான் வெளிய வரச் சொல்லிக் குடுக்கிறேன், நீ உள்ள போகச் சொல்லிக் குடுக்கிற. பிள்ள யார் பேச்சக் கேக்கும்?"

ரோஷானி சிரித்தாள். முன்பல் ஒன்று பாதிதான் இருந்தது. "நெருப்பு என்னைக்கோ ஒரு நாள் வரும் டீச்சர். இவர் தெனம் வாறார்."

விஜயகலாவுக்குக் கோபம்தான் வந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் ஸ்ரான்லியைத் திட்டினாள், அவனைப் பெற்றவளைத் திட்டினாள், கண்டும் காணாத லயத்தைத் திட்டினாள். திட்டி முடிந்ததும் ஒன்று தெளிந்தது. தாய் சொல்லிக்கொடுத்ததை அழிக்கக் கூடாது; அதுதான் இவ்வளவு நாளும் பிள்ளையைக் காப்பாற்றியது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்றைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அதன்பிறகு அவள் சரோனை இழுக்கவில்லை. மற்றப் பிள்ளைகள் மரத்தடிக்கு ஓடும்போது மேசைக்கு அடியில் தானும் போய்ப் படுத்துக்கொண்டாள். கனத்த உடம்பு, இடுப்பு பிடித்துக்கொள்ளும். மூக்காயி பார்த்துப் பார்த்துச் சிரிப்பாள். "சத்தம் வந்தா என்ன செய்வோம்?" என்று விஜயகலா மெதுவாகக் கேட்பாள். "ஒளிஞ்சிக்குவோம்" என்று கவுனுக்குள்ளிருந்து பதில் வரும். "சரி. புகை வந்தா?" பதில் வராது. "புகை வந்தா ஒளிஞ்சாலும் அது மோப்பம் புடிச்சிக்கிட்டு வரும். அப்ப பூனையாகி, குசினிப் பக்கமாப் போய், மரத்தடிக்கு வந்துரணும். சத்தத்துக்குக் கட்டில். புகைக்கு மரம்." இதையே பாட்டாகக் கட்டினாள். ஒரு நாள் மேசையோரம் வரை தவழ்ந்தது பிள்ளை. இன்னொரு நாள் வாசல்படி வரை. நீலக்கல்லில் ஏறி நின்ற அன்று, தனுஷன் கங்காணிக் குடையைத் தானாகவே கொண்டுவந்து கொடுத்தான்.

ஸ்ரான்லி பிள்ளைக் காம்பராவுக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

காரணத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். முதல் நாள் பின்னேரம் அவன் பாயில் கிடந்தபோது சாரத்து மடியிலிருந்து தீப்பெட்டி விழுந்திருக்கிறது. சரோன் அதைத் தொடவில்லை. நேரே பக்கத்து வீட்டு யேசுதாசனிடம் போய், "எங்கப்பா தீப்பெட்டி வச்சிருக்காங்க, பெரியாளுங்க வந்து எடுங்க" என்று சொல்லிவிட்டது. யேசுதாசனும் வாய் சும்மா இருக்காமல் பைப்படியில் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறான். லயமே சிரித்தது. பெண்டாட்டியின் மண்டையை உடைத்தால் குனியாத தலை, லயம் சிரித்ததும் குனிந்துவிட்டது.

காலையிலேயே குடித்திருந்தான். கதவை அவன் உதைத்த உதையில் கீல் பெயர்ந்தது. "எம் புள்ளைக்கு என்னையே காட்டிக் குடுக்கச் சொல்லிக் குடுக்கிறியா?" என்று உள்ளே வந்தான். கையில் விறகுக்கட்டை இருந்தது.

விஜயகலா பிள்ளைகளைப் பார்த்தாள். எல்லா முகமும் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் பயந்தால் அவர்கள் பயப்படுவார்கள். அவள் கத்தினால் கத்துவார்கள். அவள் கைதட்டினாள். தினமும் தட்டுகிற அதே தட்டு.

"பெரட்டு" என்றாள், பாட்டுக் குரலில். "யார் இன்னைக்குக் கங்காணி?"

பிள்ளைகள் எழுந்து பின்கதவால் ஓடினார்கள். கடைசிப் பிள்ளையின் கால் வாசலைத் தாண்டுவதற்கும் முதல் அடி அவள் தோளில் விழுவதற்கும் சரியாக இருந்தது. அவள் சத்தம் போடவில்லை. கொண்டையைப் பிடித்துச் சுவரில் மோதினான், அப்போதும் போடவில்லை. மரம் பக்கத்தில்தான், சத்தம் கேட்கும். உதடு கிழிந்து வாயில் இரத்தம் உப்புக் கரித்தது. வயிற்றில் உதைத்தான். குழந்தைகள் செய்த காகிதப் பூக்களையெல்லாம் கிழித்தான். கிழிப்பதற்கு வேறு ஒன்றும் இல்லாதபோது திரும்பவும் அவளிடம் வந்தான். அடி வாங்கிக்கொண்டே விஜயகலா மனதுக்குள் எண்ணியது ஒன்றுதான்: சரோன் எங்கே, மேசைக்கு அடியிலா? குனிந்து பார்க்க முடியவில்லை. இவன் பார்த்துவிட்டால் இழுத்து வீசுவான்.

மூக்காயி ஆயா கொதிக்கிற கஞ்சியில் கிடந்த பெரிய அகப்பையை எடுத்து வந்து அவன் பிடரியில் போட்டாள். அகப்பை முறிந்தது. கஞ்சி முதுகில் வழிந்ததும் அவன் அலறிக்கொண்டு ஓடினான். "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்னு சும்மாவா சொன்னாங்க" என்று மூக்காயி முறிந்த பிடியைப் பார்த்துச் சொன்னாள்.

விஜயகலா மேசைக்கு அடியில் பார்த்தாள். யாரும் இல்லை. வாயைத் துவாயால் பொத்திக்கொண்டு பின்பக்கம் போனாள். நீலக்கல்லில் சரோன் நின்றது. கையைக் கட்டிக்கொண்டு, நிமிர்ந்து. புகை வரவில்லை, வந்தது அப்பா; இருந்தும் ஒளியாமல் டீச்சர் குரலுக்கு வந்திருக்கிறது. விஜயகலா கிழிந்த உதட்டோடு பேர் கூப்பிட்டாள். பிள்ளைகள் ஒவ்வொன்றாக "இருக்கேங்க" என்றன. டீச்சர் வெற்றிலை போட்டிருக்கிறார் என்று தனுஷன் மற்றவர்களுக்கு விளக்கம் சொன்னான்.

பொலிசில் எழுதிக் கொடுத்தாள். "ஏக பவுலே ப்ரஷ்னயக் நே மிஸ்" என்றார் அங்கிருந்தவர். குடும்பப் பிரச்சினையாம். கிழிந்தது என்னுடைய உதடு, அது எந்தக் குடும்பத்து உதடு என்று அவளும் சிங்களத்திலேயே திருப்பிக் கேட்டாள். அதற்காகவே ஸ்ரான்லியைப் பிடித்து ஒரு இரவு உள்ளே வைத்துவிட்டு விட்டார்கள். விடாமலே இருந்திருக்கலாம், அல்லது பிடிக்காமலே இருந்திருக்கலாம். ஒரு இரவு உள்ளே இருந்தவன் வெளியே வந்தால் யாரிடம் தீர்ப்பான் என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

அவன் உள்ளே இருந்த அன்று ரோஷானியிடம் விஜயகலா சொன்னாள். "பிள்ள வந்துருச்சு ரோஷானி. ஒளியல்ல. மரத்தடிக்கு வந்து நின்னுச்சு."

"வெளையாட்டுல வந்திருப்பா. வீட்டுல வரமாட்டா. நான் சொல்லிக் குடுத்தது அவ நெஞ்சுல இருக்கு."

"ஒரு தடவ வந்து உன் கண்ணால பாரு. நீயும் எங்களோட பெரட்டுல நில்லு. பிள்ள எங்க வந்து நிக்கும்னு உனக்கும் தெரியணும்."

"வாறேன் டீச்சர். நாளைக்கே வாறேன்" என்றாள். வரவேண்டும் என்றுதான் நினைத்தாள். மறுநாள் அவன் வந்துவிட்டான். ஒரு கண் முழுதாக மூடி, கன்னம் பழுத்துப்போன முகத்தோடு பிள்ளைகள் முன்னால் நிற்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. சரோனை யேசுதாசன் பெண்டாட்டியிடம் கொடுத்து அனுப்பினாள். வீக்கம் வடியட்டும், வருகிறேன் என்று சொல்லியனுப்பினாள். அடித்தவன் நடுரோட்டில் நெஞ்சை நிமிர்த்திப் போகிறான், அடிபட்டவள் முகத்தை மறைக்கிறாள். இந்த வெட்கத்தை யார்தான் இப்படிப் பங்கு பிரித்தார்களோ.

வீக்கம் வடியுமுன்பே அது நடந்தது.

மழை இடித்துக்கொண்டு வந்த பின்னேரம். குழியில் தண்ணீர் ஏறி வேலை நின்றதால் ஸ்ரான்லி நேரத்தோடு வந்தான். லயத்துக்காரர்கள் முதலில் கேட்டது பாத்திரம் உடைகிற சத்தம். அது வழக்கமான சத்தம், ஒருவரும் எழும்பவில்லை. பிறகு ரோஷானியின் தலைமுடியைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தான். நாய்ச்சங்கிலியால் அடித்தான். அவள் காலைப் பிடித்ததும் உதறிவிட்டு உள்ளே போய், லாம்பெண்ணெய்ப் போத்தலை எடுத்துக் கட்டில்மேல் ஊற்றினான். "உன்னைய வச்ச வீட்டையே கொளுத்துறேன் பாரு" என்றான். வெறும் மிரட்டல்தான் என்று பிறகு அழுதுகொண்டே சொன்னானாம். மிரட்டுகிறவன் அடுப்பிலிருந்து எரிகிற ஒட்டுப்பாலை இடுக்கியால் எடுத்துவரமாட்டான்.

அது கட்டில்மேல் விழுந்தது. விரிப்பு பிடித்தது. எரிந்து விழுந்த துணி கீழே இருந்த சாக்கைப் பிடித்தது. அதற்குமேல் யாருடைய கையிலும் ஒன்றும் இல்லை. தாரைக் காய்ச்சினது போலக் கரும்புகை கதவால் உருண்டு வந்தது.

மூக்காயி வந்து சொன்னதும் விஜயகலா பிள்ளைக் காம்பராவைப் பூட்டாமலே முன்படிகளால் லயத்துக்கு ஓடினாள். ஏறி வந்தபோது முற்றத்தில் யேசுதாசனும் இன்னும் இரண்டு பேரும் ஸ்ரான்லியைக் கீழே போட்டு மிதித்துக்கொண்டிருந்தார்கள். ரோஷானி எழுந்து நின்றாள். முகமெல்லாம் இரத்தம், ஒரு கண்தான் திறந்திருந்தது. அந்த ஒரு கண்ணால் கதவைப் பார்த்தாள்.

"புள்ள கட்டிலுக்கு அடியில இருக்கா" என்றாள்.

"ரோஷானி, போகாத, பிள்ள மரத்தடிக்குப் போயிருக்கும்" என்று விஜயகலா கத்தினாள். கத்திய பிறகுதான், அது தனக்கும் நிச்சயமாகத் தெரியாது என்று நெஞ்சு சொன்னது. கட்டிலா, மரமா? அந்த ஒரு கணம் அவள் குரல் தடுமாறியது. ரோஷானி காதில் விழுந்ததோ என்னவோ. யேசுதாசன் எட்டிப் பிடித்தான், சட்டை கிழிந்து கையோடு வந்தது. அவள் புகைக்குள் போய்விட்டாள்.

விஜயகலாவும் தரையில் விழுந்து பூனை மாதிரித் தவழ்ந்து போனாள். ஓலைக்கற்றை எரிவது போல முகம் காந்தியது. கண் தெரியவில்லை. கைக்கு ஒரு கால் அகப்பட்டது. ரோஷானியின் கால். அவள் குப்புறப் படுத்து, தோள்வரை கட்டிலுக்கு அடியில் நுழைத்துக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். "சரோன், அம்மா கைதான்டி, வா, அம்மா கைதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இருமல் வந்தது. பிறகு இருமலும் வரவில்லை. விஜயகலா அந்தக் காலை இழுத்தாள். கால் அசையவில்லை. கட்டில் சட்டம் முறிந்து மேலே இறங்கியதும் யாரோ அவள் இடுப்பைப் பிடித்து வெளியே இழுத்தெறிந்தார்கள்.

மழை கொட்டத் தொடங்கியது. தண்ணீர்ப் பீலியிலிருந்து வாளி வாளியாகக் கொண்டுவந்து ஊற்றினார்கள். கூரைத்தகரம் ஒன்று வெடித்து விழுந்தது. ரோஷானியை அவர்கள் வெளியே கொண்டுவந்தபோது ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு கை மட்டும் நீட்டினபடியே இருந்தது, உள்ளங்கை மேலே பார்க்க. மூக்காயி தன் சேலையை அவிழ்த்து மூடினாள். பைப்படிக் கம்பத்தில் கட்டியிருந்த ஸ்ரான்லி "எம் புள்ள, எம் புள்ள" என்று ஊளையிட்டான். யேசுதாசன் ரப்பர்க் கட்டையால் அவன் வாயிலேயே ஒன்று வைத்தான். விஜயகலா பார்த்துக்கொண்டிருந்தாள். தடுக்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. இன்னொன்று வைத்தாலும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பாள்.

உள்ளே போன ஒருவன் கட்டில் கரியைக் கம்பியால் புரட்டிவிட்டு வாசலுக்கு வந்தான். "டீச்சர், புள்ளய காணல. அடியில யாருமே இல்ல" என்றான். "குசினிக் கதவு தொறந்திருக்கு."

விஜயகலா எழுந்தாள். குசினிக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் கான் ஓரமாக ஒரு ஒற்றையடிப்பாதை பிள்ளைக் காம்பராவுக்கு இறங்கும். அவள் முன்படியால் ஏறி ஓடிவந்த அதே நேரத்தில் பிள்ளை இந்தப் பாதையால் இறங்கியிருக்கும். ஒருவரையொருவர் காணவில்லை. அவள் ஓடினாள். சேற்றில் விழுந்து, எழுந்து, திரும்ப விழுந்தாள். வெந்த கையில் மழை பட்டது ஒன்றும் தெரியவில்லை.

பலாமரத்தடியில் நீலக்கல்லில் சரோன் நின்றது. தொப்பலாக நனைந்து, முட்டியெல்லாம் கரியோடு, கையைக் கட்டிக்கொண்டு. பற்கள் குளிரில் அடித்தன. பக்கத்துக் கற்களெல்லாம் காலியாக இருந்தன.

"டீச்சர் ஏன் லேட்டு?" என்று கேட்டது. "புகை வந்துச்சு. நான் பூனையா வந்துட்டேன். பொம்மைய விட்டுட்டேன், திரும்பிப் போகல்ல."

"கெட்டிக்காரி" என்றாள் விஜயகலா. தன் குரல் பாட்டுக் குரலாகவே வந்தது அவளுக்கு வெறுப்பாக இருந்தது. தூக்கப் போனாள். பிள்ளை கையைத் தள்ளிவிட்டது.

"பேர் கூப்பிடல்லயே. கூப்பிட்டாத்தான் எறங்கணும்."

"சரோன்."

"இருக்கேங்க." இறங்கவில்லை. லயத்துப் பக்கம் பார்த்தது. மேலே இன்னும் புகை தெரிந்தது. "அம்மா பேரையும் கூப்பிடுங்க டீச்சர். அம்மாவும் பெரட்டுக்கு வாறேன்னாங்க."

பேர் கூப்பிடாமல் யாரையும் விட்டுவிடக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். மழைச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி ஒரு தடவை கூப்பிட்டாள்.

"ரோஷானி."

பிள்ளை காத்திருந்தது. ஒற்றையடிப்பாதையைப் பார்த்தது, முன்படியைப் பார்த்தது. பதில் சொல்ல வேறு பிள்ளைகள் யாரும் இல்லாததால், விளையாட்டில் சொல்லவேண்டியதைத் தானே சொன்னது.

"வரல்லீங்க."